பழைய ரயில் பெட்டிக்குக் காவல்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய ரயில் பெட்டி ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு வைத்ததாக இருக்கலாம். ஸ்டேஷன் ஓரத்தில், இனி எங்கும் போகாத தண்டவாளத்தில் நிற்பதாக இருக்கலாம். ரயில் பைத்தியம் பிடித்த ஒருவர் ஏலத்தில் எடுத்துத் தன் தோப்பில் கொண்டுவந்து நிறுத்தியதாகவும் இருக்கலாம். துருவுக்கும் கரையானுக்கும் யோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மனிதக் கையால் வரும் கேடுகளைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன்: கல்லெறிவது, பித்தளையைக் கழற்றுவது, கிறுக்குவது, தீ வைப்பது.

இவை நான்கும் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். முதலில் ஒரு கண்ணாடி உடையும். யாரும் கேட்கவில்லை என்றால் அந்த ஓட்டை வழியாக ஒருவன் உள்ளே ஏறிப் பார்ப்பான். அப்புறம் சீட்டுக்கட்டு வரும், பாட்டில் வரும். ராத்திரி குளிருக்கோ கொசுவுக்கோ உள்ளேயே நாலு சுள்ளியைக் கொளுத்துவார்கள். எரிந்த பெட்டிகளில் பலவற்றை எரிக்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்கவே மாட்டார்கள். அதனால் கேமரா வாங்குவதைவிட முதல் கண்ணாடியை அன்றைக்கே மாற்றுவதுதான் பெரிய காவல். ஆள் வந்துபோகும் பெட்டியைத் தொட யோசிப்பார்கள்; கேட்பாரற்ற பெட்டி என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் பூட்டு எத்தனை போட்டாலும் நிற்காது.

நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலும் குறுகிய பாதை ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாள அகலம் இரண்டரை அடிதான். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்க்கவென்று போட்ட பாதைகள் அவை. தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. 1941 முடிவதற்குள் எல்லாவற்றையும் மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கிருஷ்ணகிரி நகரத்தில் இன்றைக்கும் ரயில் கிடையாது. ஒரு தலைமுறை ஏறி இறங்கிய வண்டி எப்படி இருந்தது என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டக் கையில் ஒன்றும் இல்லை. இனி கிடைக்கும் பெட்டியாவது மிஞ்சட்டும்.

பெட்டி யாருடையது, இடம் யாருடையது

இதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள். பெட்டி ரயில்வேயுடையதாகவும் நிலம் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். ஒரு சேதம் நடந்தால் யார் புகார் தர வேண்டும், எந்தக் காவல் நிலையம் அதை வாங்கும் என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான். ரயில்வே எல்லைக்குள் என்றால் ரயில்வே பாதுகாப்புப் படையும் ரயில்வே போலீசும். வெளியே என்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையம்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தருமபுரி, ஓசூர் ஸ்டேஷன்கள் தென்மேற்கு ரயில்வேயில், பெங்களூரு கோட்டத்தில் இருக்கின்றன. மொரப்பூர் தெற்கு ரயில்வே, சேலம் கோட்டம். ஒரே மாவட்டம்தானே என்று எல்லாக் கடிதத்தையும் சேலத்துக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. கடிதம் போடுமுன் கோட்டத்தைப் பாருங்கள்.

ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்காருங்கள்

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இதுதான். காலையிலிருந்து இருட்டிய பிறகு கொஞ்ச நேரம் வரைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் இருங்கள். யார் அந்த வழியாக நடக்கிறார்கள், ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது, எந்தப் பக்கம் ரோட்டிலிருந்து தெரியாமல் மறைவாக இருக்கிறது, காலிப் பாட்டில் எங்கே குவிந்து கிடக்கிறது, எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். பாட்டில் கிடக்கும் பக்கம்தான் உங்கள் பலவீனமான பக்கம். பெரும்பாலும் அது ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாகவே இருக்கும்.

அங்கே ஆடு மேய்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அப்படி ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது சர்வசாதாரணமாகச் சொன்னார்:

"சாயந்திரம் நாலு பசங்க வருவானுங்க தம்பி. ரெண்டு வண்டி. அந்தக் கடைசி ஜன்னல் வழியா ஏறுவானுங்க."

"தெரிஞ்ச பசங்களாக்கா?"

"ஒருத்தன் எங்க பெரியப்பா பேரன்தான். நீங்க யாரும் ஒண்ணும் கேக்கலியே, கவர்மெண்டே வுட்டுட்டதாக்கும்னு நெனச்சேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பெட்டிக்கு ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவரிடம் ஒரு போன் நம்பரைக் கொடுத்து, "உள்ளே யாராவது ஏறினா ஒரு மிஸ்டு கால் குடுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டால் போதும். டீக்கடைக்காரர், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட வருகிறவர், பஸ் ஸ்டாப்பில் பூ விற்பவர் என்று இன்னும் மூன்று பேர் கிடைத்தால் உங்களுக்கு ஒரு காவல் படையே சேர்ந்துவிட்டது. மாதம் ஒரு தடவை அவர்களைப் பார்த்து நலம் விசாரியுங்கள். காரியம் ஆக வேண்டியபோது மட்டும் போய் நின்றால் மதிக்க மாட்டார்கள்.

ஏறுகிற பையன்களை விரட்டுவதா என்று கேட்பீர்கள். விரட்டினால் இன்னொரு நாள் கோபத்தோடு வருவார்கள், கையில் கல்லோடு. முடிந்தால் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுங்கள். கைப்பிரேக் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது, அபாயச் சங்கிலியை இழுத்தால் காற்று எங்கே போகிறது என்று காட்டினால் அதில் ஒருவனாவது சனிக்கிழமை பெயின்ட் அடிக்க வந்துவிடுவான். எல்லாரும் மாற மாட்டார்கள்தான். ஆனால் ஒருவன் நம் பக்கம் வந்துவிட்டால் மற்றவர்கள் அங்கே தீக்குச்சி கிழிப்பது கஷ்டம்.

தீ நடந்துவரும் வழியை வெட்டுங்கள்

நம் ஊரில் தை கழிந்ததும் தரை காய ஆரம்பித்துவிடும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் புல் பொசுக்கென்று பிடிக்கும். வரப்புப் புல்லைக் கொளுத்துவது, கரும்பு வெட்டிய பிறகு சோகையைக் கொளுத்துவது, புதுப் புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சல் நிலத்தைக் கொளுத்துவது, ரோட்டோரக் குப்பைக்குத் தீ வைப்பது, இப்படி நாலு திசையிலிருந்தும் தீ வரும். வைத்தவர் மனதில் உங்கள் பெட்டி இருக்கவே இருக்காது. பெட்டிக்கு அடியில் முட்டி உயரத்துக்குக் காய்ந்த புல் நின்றால், காற்றோடு வரும் தீ நேராகத் தரைப்பலகைக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே பிடித்தால் வெளியே புகை தெரிவதற்குள் பாதி போய்விடும்.

எனவே பெட்டியைச் சுற்றிக் குறைந்தது பத்தடிக்கு, இடம் இருந்தால் முப்பதடிக்கு, வெறும் மண்ணாக்குங்கள். சக்கரங்களுக்கு நடுவில், பேட்டரிப் பெட்டிக்கு அடியில் எல்லாம் மண்வெட்டி போக வேண்டும். பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் வெட்டிய மறு மழைக்கே முளைக்கும், அதனால் இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. வெட்டிய செடியை அங்கேயே குவித்துவைத்துவிட்டு, "காய்ந்ததும் கொளுத்திக்கலாம்" என்று போகும் கூலியாட்களை விடாதீர்கள். அதை எடுத்துப் போட்டால்தான் கூலி என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

தரைக்கு என்ன போடுவது? கிருஷ்ணகிரியில் கல்லுக்குப் பஞ்சமில்லை, ஜல்லி மலிவாகக் கிடைக்கும். பார்க்கவும் ரயில் தண்டவாளம் மாதிரியே அழகாக இருக்கும். ஆனால் ஜல்லி போட்டால் கண்ணாடி உடைக்கத் தேவையான ஆயுதத்தை நீங்களே டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியதாக ஆகும். கிராவல் மண் கொட்டி ரோலர் ஓட்டுங்கள். ஏற்கெனவே ஜல்லி கிடந்தால் மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கிராவலைப் பரப்பி இறுக்கிவிடுங்கள்.

வேலிக்கு நம் ஊர்க் கல்கால்தான் சிறந்தது. நட்டால் தலைமுறைக்கு நிற்கும், எரியாது, திருடிப்போய் விற்கவும் முடியாது. இரும்புக் குழாய் நட்டால் அதுவே முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கல்காலில் முள்கம்பியோ வலையோ கட்டுங்கள், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். உயரமான காம்பவுண்டு சுவர் எழுப்புகிறேன் என்று யாராவது நன்கொடை தர வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ரோட்டில் போகும் யாருக்கும் தெரியாது.

நீலத் தார்ப்பாய் போர்த்தி வைப்பதும் இதே மாதிரிதான். மழைக்குப் பாதுகாப்பு என்று தரை வரைக்கும் தொங்கவிடுவார்கள். உள்ளே உட்காருபவருக்கு அது திரை, தீக்கு அது திரி. தகரக் கூரை போட முடியாத பட்சத்தில் தார்ப்பாயை மேற்கூரை மட்டத்தோடு இழுத்துக் கட்டிவிடுங்கள்.

உள்ளே எரிய என்ன இருக்கிறது

ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் சென்னை பெரம்பூரில் தொடங்கி முழு இரும்புப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. அதற்கு முந்தைய பெட்டிகளில் அடிச்சட்டம் இரும்பு, மேல்கட்டு தேக்கு என்பது சகஜம். நூறு வருஷம் காய்ந்த தேக்கு, அதன்மேல் அடுக்கடுக்காக வார்னிஷ், கூரையில் பெயின்ட் பூசிய கான்வாஸ், இருக்கையில் தேங்காய் நார். இதைவிட நல்ல விறகு கிடைக்காது. இரும்புப் பெட்டி என்றால் எரியாது என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். வெளித்தகடுதான் இரும்பு. உள்ளே பிளைவுட், ரெக்ஸின், ஃபோம் மெத்தை, பி.வி.சி. தரைவிரிப்பு எல்லாம் எரியும். அந்தப் புகை ஆளை நிமிஷங்களில் சாய்த்துவிடும்.

ஆகவே பெட்டியை ஸ்டோர் ரூம் ஆக்காதீர்கள். இது சொல்லச் சுலபம், செய்வது கஷ்டம். எங்கே இடம் கிடைத்தாலும் நாற்காலி, பழைய பேனர், பெயின்ட் டப்பா, பொங்கல் விழா மேடைத் துணி என்று கொண்டுவந்து அடைப்பது நம் பழக்கம். பெட்டிக்குப் பொறுப்பாளர் நீங்கள் என்றால் இதில் கறாராக இருங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். டீசல், தின்னர், கேஸ் சிலிண்டர் எதுவும் உள்ளே கூடாது. காவலாளி உள்ளே அடுப்பு வைத்துச் சமைப்பதும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ஓடாமல் நிற்கும் பெட்டிதானே என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஒன்றுக்கு மேல் பெட்டிகள் இருந்தால் மரப்பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தாதீர்கள். இரண்டு மரப்பெட்டிக்கு நடுவே ஒரு இரும்பு வேகனையாவது நிறுத்தி வையுங்கள்.

ஜன்னலை அடைப்பது

ஆறு மாதத்துக்குப் பெட்டியைத் திறக்கப் போவதில்லை என்றால் கீழ் வரிசை ஜன்னல்களை அடைத்துவிடுவது நல்லது. பிளைவுட் வேண்டாம், அது மழைக்கு ஊறும், வெயிலுக்குப் பிளக்கும், எரியவும் எரியும். மெல்லிய ஜி.ஐ. தகடோ கம்பிவலையோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மரச்சட்டத்தில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது. வெளியே தகடு, உள்ளே ஜன்னலைவிட நீளமான இரண்டு குறுக்குச் சட்டம், இரண்டையும் போல்ட் போட்டு உள்பக்கமிருந்து முறுக்கினால் தகடு ஜன்னலைக் கவ்விக்கொண்டு நிற்கும். சட்டம் மரத்தில் படும் இடத்தில் ஒரு துண்டு சைக்கிள் டியூபை வைத்துவிடுங்கள். கழற்றும்போது ஒரு கீறல்கூட இருக்காது. காற்றோட்டத்துக்கு இரண்டு முனையிலும் வலை போட்ட திறப்பு இருக்கட்டும்; மொத்தமாக மூடினால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.

தகட்டின் வெளிப்பக்கத்தில் அந்த ஜன்னலையே வரைந்துவிட்டால் இன்னும் நல்லது. அடைத்த பெட்டி கைவிட்ட பெட்டி மாதிரித் தெரியக் கூடாது.

பித்தளையைக் கழற்றுங்கள், எழுதி வையுங்கள்

1855இல் இங்கிலாந்தில் செய்த ஃபேரி குயின் என்ஜின் கின்னஸில் இடம்பிடித்தது. அதையே 2011இல் திருடர்கள் பாகம் பாகமாகக் கழற்றிவிட்டார்கள். சென்னை பெரம்பூர் லோகோ பணிமனைதான் மறுபடி சரிசெய்து தந்தது. அதற்கே அந்தக் கதி என்றால் நம் பெட்டியின் பித்தளைக் கைப்பிடிக்கு என்ன பாதுகாப்பு?

கழற்ற முடிகிற பித்தளை, செம்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். விளக்குக் கூடு, ஜன்னல் கொக்கி, கண்ணாடிச் சட்டம், மின்விசிறி, தயாரிப்பாளர் பெயர்த்தகடு. பெயர்த்தகட்டை முதலில் எடுங்கள். மற்றது போனால் வேறு செய்து மாட்டலாம், பெயர்த்தகடு போனால் அந்தப் பெட்டி எங்கே, எப்போது பிறந்தது என்பதற்கான அத்தாட்சியே போய்விடும். கழற்றும்முன் இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதிய துணிச் சீட்டுக் கட்டி, திருகாணிகளை அதே பையில் போட்டு, பூட்டிய அறையில் வையுங்கள். வெளியில் காட்சிக்கு மாட்ட வேண்டும் என்றால் அலுமினியத்தில் நகல் அடித்துக்கொள்ளலாம், செலவு அதிகமில்லை.

பதிவேடு ஒன்று காகிதத்திலும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் யாராவது ஒருவரின் மெயிலிலும் இருக்கட்டும். பெட்டியின் நான்கு பக்கம், கூரை, அடிப்பகுதி, உள்ளே ஒவ்வொரு அறை என்று வருஷத்துக்கு ஒருமுறை போட்டோ எடுங்கள். போலீஸ் புகாரானாலும் இன்சூரன்ஸானாலும் "முன்னாடி எப்படி இருந்தது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஊரிலிருக்கும் பழைய இரும்புக் கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இந்த மாதிரிச் சாமான் வந்தால் வாங்க வேண்டாம், ரயில்வே சொத்து, 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம் என்று தன்மையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். விற்க இடமில்லை என்றால் கழற்ற வரும் ஆள் குறையும்.

விளக்கும் கேமராவும்

பார்க்க ஆள் இல்லாத இடத்தில் விடிய விடிய எரியும் விளக்கு, உடைக்க வருபவனுக்குத்தான் வெளிச்சம் காட்டும். நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரியும் சோலார் விளக்கு மாட்டுங்கள். இருட்டாக இருந்த இடத்தில் திடீரென வெளிச்சம் வந்தால் டீக்கடையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். கேமரா வைத்தால் அதன் படம் ஒருவர் போனுக்கு உடனே வர வேண்டும், அவர் கிளம்பி வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிந்ததை மறுநாள் பார்க்கத்தான் உதவும்.

எந்த நாளில் கவனம் வேண்டும்

போகிக்கு முதல் நாள் ராத்திரி. பையன்கள் பழைய கட்டை, டயர் தேடி அலைவார்கள். பெட்டியோரம் கழற்றி வைத்த பழைய கதவு அவர்களுக்குப் போகிக் கட்டைதான். தீபாவளி இரண்டு நாள், ராக்கெட்டுக்காக. கோயில் திருவிழா வாணவேடிக்கை. பரீட்சை முடிந்த கடைசி நாள், டிசம்பர் 31 ராத்திரி. இந்த நாட்களில் இரண்டு பேராகப் போய்ப் பெட்டி பக்கத்தில் இருங்கள்.

பந்த், கலவரம் என்று ஊர் கொதிக்கும் நாள் தனி. கோபத்தில் இருக்கும் கூட்டத்துக்கு ரயில் பெட்டி என்றால் அரசாங்கம், அது எவ்வளவு பழையது என்பதெல்லாம் கண்ணில் படாது. 2017 ஜூலையில் டார்ஜிலிங் கிளர்ச்சியின்போது அங்குள்ள மலை ரயில் பாதையின் சோனாடா, கயாபாரி ஸ்டேஷன்களை எரித்துவிட்டார்கள். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் அந்தப் பாதையைக் காப்பாற்றவில்லை. அப்படிப்பட்ட நாளில் நீங்கள் கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்கவே வேண்டாம். போலீசுக்குச் சொல்லிவிட்டு விலகி இருங்கள்.

நம்மாலேயே வரும் தீ

வெளியாளைவிட நம் ஆட்களால் வரும் ஆபத்து குறைவென்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் நியூரம்பெர்க் ரயில் அருங்காட்சியகத்தின் பணிமனை 2005 அக்டோபர் 17 அன்று எரிந்தபோது 24 என்ஜின்கள் சிக்கின. தீ வைத்தவர் யாருமில்லை. கூரையில் நடந்த பழுது வேலையிலிருந்து பிடித்தது.

வெல்டிங், கேஸ் கட்டிங் செய்ய ஆள் வந்தால் தண்ணீர் வாளியோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வேலை முடிந்து அவர்கள் டீ குடிக்கக் கிளம்பிய பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும், சுவரின் மறுபக்கத்தையும் கையால் தொட்டு. பொறி பலகைக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகக் கனியும். மாலை ஐந்து மணிக்கு மேல் வெல்டிங் வேண்டாம்.

தேக்குக்கு ஆளி விதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காய்கிற வேகத்தில் தானே சூடேறும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். துணியை வெளியே தரையில் ஒற்றையாக விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடி போட்ட டின்னில் வையுங்கள்.

தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நடை

உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய் நிலைய அலுவலரைப் பார்த்து, ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள். வண்டி எந்த வழியாக உள்ளே வரும், கேட் அகலம் போதுமா, திரும்ப இடம் உண்டா, சாவி யாரிடம், தண்ணீர் எங்கே என்று அவரே கேட்பார். தண்ணீர் தொட்டி இருந்தால் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் உண்மையிலேயே வருகிறதா என்று அவர் முன்னால் பாருங்கள். 2018இல் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்த ராத்திரி, பக்கத்திலிருந்த குழாய்களில் தண்ணீருக்கு அழுத்தம் இல்லை.

பெட்டியின் இரு முனையிலும் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும், ஏ.பி.சி. பவுடர் வகை. ஆறு கிலோ சிலிண்டர் அரை நிமிஷம்கூட வராது என்பதை நினைவில் வையுங்கள். இடுப்பு உயரத்துக்கு எழுந்துவிட்ட தீயோடு மல்லுக்கட்டாதீர்கள். வெளியே வந்து 101 அல்லது 112க்கு அடியுங்கள். ரயில்வே இடம் என்றால் 139க்கும் சொல்லுங்கள். இடத்தைச் சொல்லும்போது "பழைய ரயில் பெட்டி" என்றால் புரியாது. பக்கத்திலுள்ள கோயில், பெட்ரோல் பங்க், மைல் கல் எதையாவது சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். தீயை அணைத்தபின் பவுடரைச் சீக்கிரம் துடைத்துவிட வேண்டும், ஈரம் பட்டால் அது இரும்பை அரிக்கும்.

கிறுக்கியிருந்தால்

போட்டோ எடுத்துவிட்டு, சீக்கிரம் அழித்துவிடுங்கள். ஒரு பெயர் இருந்தால் பக்கத்தில் இன்னொரு பெயர் வரும், அதைச் சுற்றி ஒரு இதயம் வரும். போஸ்டர் ஒட்டியிருந்தால் கிழிக்காதீர்கள், பெயின்டோடு உரிந்து வரும். மைதா பசைதானே, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்தால் தானே கழன்றுவிடும். ஸ்ப்ரே பெயின்டுக்குத் தின்னரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மேலே உள்ள கிறுக்கலோடு அடியில் இருக்கும் ஐம்பது வருஷத்துப் பழைய நிறமும் போய்விடும். முதலில் யார் கண்ணிலும் படாத மூலையில் விரல் அகலத்துக்குச் சோதித்துப் பாருங்கள். மரத்தில் ஆணியால் கீறிய எழுத்தை இழைத்து எடுக்க நினைக்காதீர்கள், மெழுகு போட்டு நிரவினால் போதும்.

எரிந்தே விட்டால்

அணைந்த பிறகும் உள்ளே ஏறாதீர்கள். மேலே பார்க்கத் திடமாக இருக்கும் பலகை அடியில் கரியாகி இருக்கலாம். போலீசும் தீயணைப்புத் துறையும் பார்த்து முடிக்கும்வரை எதையும் நகர்த்தவோ கழுவவோ வேண்டாம். பாட்டில், துணி, டின் எது எங்கே கிடக்கிறது என்பதுதான் சாட்சி. எழுத்தில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் அனுப்பப் பார்த்தால், தீ வைப்பு தனிக் குற்றம் என்று நினைவூட்டுங்கள். பெட்டி ரயில்வேயுடையது என்றால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 151ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. அரசுச் சொத்தைத் தீயால் சேதப்படுத்தினால் 1984ஆம் ஆண்டுப் பொதுச் சொத்துச் சட்டத்தில் குறைந்தது ஓராண்டு, 10 ஆண்டு வரை போகலாம். தனியார் பெட்டி என்றாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை உண்டு. சிக்கியவர்கள் 18 வயதுக்குக் கீழே என்றால் சிறார் நீதிச் சட்டப்படி வேறு வழிமுறை. கட்டி வைத்து அடிப்பது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது எதையும் யாரையும் செய்யவிடாதீர்கள். செய்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அனுமதி கிடைத்ததும் முதல் வேலை கூரைக்கு மறைப்பு. தீயிலிருந்து தப்பிய மரத்தை அடுத்த மழை கெடுத்துவிடும். கரியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மரத்துக்குள் ஏறிவிடும். மென்மையான பிரஷ்ஷும் வேக்கம் கிளீனரும் போதும். நனைந்த பலகைகளை வெயிலில் போடாமல் நிழலில், இடையில் குச்சி வைத்து அடுக்கிக் காயவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளில் ஒருவர் வருவார், எடைக்குப் போட்டுவிடலாமே என்று நல்ல விலை சொல்லிக்கொண்டு. கமிட்டியில் பாதிப் பேர் சரி என்பார்கள். நியூரம்பெர்க்கில் எரிந்ததில் ஆட்லர் என்ற என்ஜினும் ஒன்று. ஜெர்மனியின் முதல் ரயிலை இழுத்த என்ஜினைப் பார்த்து 1935இல் செய்த நகல் அது. மிஞ்சிய இரும்பை வைத்து 2007இல் அதைத் திரும்ப நிறுத்தினார்கள். அடிச்சட்டம், சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் தீயைத் தாங்கியிருக்கலாம், முறுக்கிக்கொண்டும் போயிருக்கலாம், பார்த்தால் தெரியாது. ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஜோலார்பேட்டை, சேலம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டிவந்து சுத்தியால் தட்டிப் பார்க்கச் சொல்லும் வரைக்கும் எடைக்கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டாம்.